வாத தேகமும் வாழ்க்கை ஒழுங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, இந்த வருட விழாவிலே ஆயுர்வேதத்தைப் பற்றி நீங்கள் பேசவேண்டும்" என்று கேட்டபோது, அரை மணித்தியாலத்தில் ஆயுர்வேதத்தைச் சொல்லுவது கடலைச் சிரட்டையால் அளப்பது போலாகும் என்று மறுத்தேன். அவர் விடவில்லை. ஈற்றில், மூவகைத் தேகவாகினுள் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதென்று இருவரும் உடன்பட்டோம். வாத தேகத்தை நான் தெரிந்தெடுத்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நானே வாத தேகி. இந்த மேடையில் நான் நிற்கும் நிலையைப் பார்த்தாலே தெரியும். கையும் காலும் ஓரிடத்தில் நில்லா. மற்றைய காரணத்தைப் பேச்சின் பிற்பகுதியிற் கூறுவேன். அது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று.

முதலில் 'வாதம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இச்சொல் நம் நாவில் மூன்று பொருளில் வழங்குகின்றது. எல்லா உடம்பிலும் இயங்கும் மூன்று தோஷங்களில் ஒன்றுக்கு வாதம் என்று பெயர். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மூன்றையும் குறிக்கும்போது வளியையே முதலில் வைத்தார். அந்த வளிதான் இது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும், இமை கொட்டுவதும், உண்ட உணவு கீழிறங்குவதும், மலசலம் கழிவதும், நாவு அசைந்து சொல் பிறப்பதும் அதன் தொழில். அசைவு எங்கே உண்டோ அங்கே வாதம் உண்டு என்பது நூலோர் கொள்கை. அடுத்ததாக, அந்தத் தோஷம் பிறவியிலேயே சற்று மேலோங்கி நிற்கும் உடம்பை வாத தேகம் என்கிறோம். மூன்றாவதாக, முழங்கால் நோ முதல் பாரிசவாதம் வரையுள்ள பல நோய்களையும் ஒரே மூச்சில் 'வாதம்' என்றுதான் சொல்லுகிறோம். ஒன்று உடம்பின் தொழில். ஒன்று உடம்பின் வார்ப்பு. ஒன்று உடம்பின் கேடு. இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதனால் எத்தனையோ வீடுகளில் துன்பம் விளைகின்றது.

தேகவாகை வடமொழி நூல்கள் பிரகிருதி என்னும். அது கருவிலேயே அமைவது என்பது சரகர் கருத்து. தாய் தந்தையரின் வித்து, கருத்தரித்த காலம், கருப்பையின் நிலை, கர்ப்பிணியின் உணவும் ஒழுக்கமும் ஆகிய இவை சேர்ந்து ஒருவனுடைய வார்ப்பைத் தீர்மானிக்கின்றன. தனித்தனி மூன்று, இரண்டிரண்டு சேர்ந்தவை மூன்று, மூன்றும் சமமாயமைந்தது ஒன்று என ஏழு வகை கூறுவர். நம்மிற் பெரும்பாலோர் கலப்பு வார்ப்பினரே. ஆகையால் "நான் சுத்த வாத தேகி" என்று நெஞ்சு நிமிர்த்துவதற்கு அவசரப்பட வேண்டாம்.

வாத தேகியை அறிவது எப்படி? நூலோர் செய்த வேலை அழகானது. வாதத்தின் குணங்களை முதலில் வகுத்தார்கள்: வறட்சி, இலேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, அசைவு, விரைவு. பின்பு ஒவ்வொரு குணத்துக்கும் உடம்பிலே அடையாளம் தேடினார்கள். வறட்சியினால் மெலிந்த உடம்பும், சற்றே கம்மிய குரலும், மெல்லிய நித்திரையும் உண்டாகும். இலேசான குணத்தினால் நடையும் உணவும் நிலையில்லாமல் இருக்கும். இன்று இரண்டு கோப்பை சோறு, நாளை அரைக் கோப்பை. அசைவினால் புருவமும் தோளும் காலும் சும்மா இரா. விரைவினால் எந்தக் காரியத்தையும் உடனே தொடங்குவர், உடனே அஞ்சுவர், உடனே கோபிப்பர். கேட்டதைக் கப்பென்று பிடித்துக்கொள்வர், கப்பென்று மறந்தும் விடுவர். குளிர்ச்சியினால் மார்கழிப் பனியைத் தாங்கமாட்டார். சொரசொரப்பினால் தலைமயிரும் நகமும் கரடுமுரடாக இருக்கும், குதிக்கால் வெடிக்கும். எழுந்து நடந்தால் மூட்டுக்கள் சடசடக்கும். நரம்புகள் தோலுக்கு மேலே தெரியும்.

இங்கே சபையில் சிலர் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிகின்றது!

ஒன்று சொல்லிவிட வேண்டும். வாத தேகிகளுக்குப் பெரும்பாலும் பலமும் ஆயுளும் பிள்ளைச் செல்வமும் பொருட்செல்வமும் குறைவு என்று சரகர் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று நானும் இரவு முழுவதும் விழித்திருந்தேன். அதுவும் வாதத்தின் வேலைதான். நான்கு பிள்ளைகளைப் பெற்று எழுபதை அண்மித்து நிற்கிறேன். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவர் சும்மா போடவில்லை என்பது இப்போது விளங்குகின்றது.

இக்காலத்து வாலிபர்கள் கைத்தொலைபேசியிலே பத்து வினாக்களுக்கு விடை அழுத்தி, தாம் இன்ன தேகம் என்று அறிந்துகொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த வினாக்கள் எல்லாம் பிழை என்று சொல்லமாட்டேன். விடையளிப்பவர் சென்ற கிழமை தமக்கு இருந்த நிலையைச் சொல்லுகிறார். பிரகிருதியோ பிறந்த நாள் தொட்டு இருப்பது. உயர்தரப் பரீட்சைக்காக மூன்று மாதம் இரவிரவாகக் கண்விழித்து, பாணும் வெறுந்தேநீருமாய் நாளைக் கடத்திய பிள்ளைக்கு மலம் கட்டும், நித்திரை வராது, நெஞ்சு படபடக்கும், தோல் வறளும். அவனைப் பத்து வினாக் கேட்டால் வாத தேகி என்றுதான் விடை வரும். உண்மையில் அவன் நல்ல பித்த தேகியாக இருக்கலாம். பரீட்சை முடிந்து மூன்று கிழமை ஒழுங்காக உண்டு உறங்கினால் பழைய நிலைக்கு வந்துவிடுவான். இதனை விகிருதி என்பர். ஆகவே உங்கள் தேகவாகை அறிய வேண்டுமானால் முதலில் தாயிடம் கேளுங்கள். "அம்மா, நான் சிறுவயதில் எப்படித் தூங்கினேன், எப்படிச் சாப்பிட்டேன், மழைக்காலத்தில் எனக்கு என்ன வந்தது?" என்று கேட்டறிந்து, அதன்பின் வைத்தியரிடம் வாருங்கள்.

விஞ்ஞானிகளும் இத்துறையைத் தொட்டிருக்கிறார்கள். ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 3416 பேரைப் பரிசோதித்து, தேகவாகு ஐயமின்றித் தெரிந்த 262 ஆண்களைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய பரம்பரை அலகுகளை ஒப்பிட்டார்கள். மூவகையினருக்குமிடையே சில வேறுபாடுகள் தெரிந்தன என்றார்கள். நல்ல தொடக்கந்தான், இதனைக் கொண்டு "எங்கள் முன்னோர் சொன்னதெல்லாம் நிரூபணமாகிவிட்டது" என்று மேடையில் முழங்குவோருடன் நான் சேரமாட்டேன்.

இனி, சமநிலைப்படுத்தும் வழிக்கு வருவோம். விதி ஒன்றே: மிகுந்திருக்கும் குணத்துக்கு எதிரான குணத்தைக் கொடு. வறட்சிக்கு நெய்ப்பு, குளிர்ச்சிக்குச் சூடு, இலேசுக்குப் பாரம், அசைவுக்கு ஒழுங்கு. வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய், கபத்துக்குத் தேன் என்று வைத்தியர் சொல்லுவதும் இவ்விதியிலிருந்தே பிறந்தது. வண்டில் அச்சுக்கு எண்ணெய் விட்டால் அது தேயாமல் ஓடுவது போல, எண்ணெய் தேய்த்த உடம்பும் உழைப்பைத் தாங்கும் என்பது சரகர் காட்டும் உவமைகளில் ஒன்று. நம் வீடுகளில் சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் வைத்து, அரப்பும் எலுமிச்சையும் அவித்துத் தேய்த்து முழுகினோமே, அதை யார் நிறுத்தச் சொன்னது? நாள்தோறும் முழுவதும் தேய்க்க நேரமில்லாதவர், இரவிற் படுக்குமுன் உச்சியிலும் உள்ளங்காலிலும் ஒரு கரண்டி எண்ணெய் தேய்த்தாற் போதும். தலை, காது, பாதம் ஆகிய மூன்றையும் வாக்படர் சிறப்பாகக் குறித்திருக்கிறார். காய்ச்சல், அசீரணம், சளிக்கட்டு உள்ள நாளில் எண்ணெய் ஆகாது. நீரிழிவினாற் பாதம் மரத்துப்போனவர், எண்ணெயின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்தபின்பே இடவேண்டும். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது.

உணவில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு ஆகிய மூன்று சுவையும் வாதத்தைத் தணிக்கும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் அதனை ஏற்றும். இளஞ்சூடான சோறு, நன்கு வெந்த கறி, பால் விட்ட சொதி, உழுத்தங்களி, எள்ளுருண்டை முதலியன வாத தேகிக்கு உகந்தவை. பழம்பாண், காய்ந்த முறுக்கு, குளிரூட்டிய பானம் முதலியன ஆகா. கடலையும் பயறும் முற்றாக விலக்கவேண்டியவை அல்ல. ஊறவைத்து, உள்ளியும் இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்து அவித்தால் வாய்வு குறையும். நம் ஆச்சிமார் பருப்பில் உள்ளி போட்டது வெறும் வாசத்துக்காக அன்று. இங்கே பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உவர்ப்பு வாதத்தைத் தணிக்கும் என்று நூல் சொல்லுவதைப் பிடித்துக்கொண்டு, இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பை அள்ளிப் போடக்கூடாது. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கின்றது. அது வாத தேகிக்கும் பொருந்தும். சர்க்கரை வியாதிக்காரர் இனிப்புச் சுவையைச் சோற்றிலும் பாலிலும் அளவாகக் கொள்வதே போதும். சீனியில் தேட வேண்டியதில்லை.

எண்ணெயையும் உணவையும் விட முக்கியமானது நேர ஒழுங்கு. இதைச் சொன்னால் வாலிபர்களுக்குப் பிடிக்காது. வாத தேகி தன் இயல்பினாலேயே ஒழுங்கற்றவன்; ஆதலின் அவனுக்கு மணிக்கூடே முதல் மருந்து. ஒரே நேரத்தில் எழுதல், ஒரே நேரத்தில் உண்ணுதல், பத்து மணிக்குள் படுத்தல் என்ற மூன்றையும் நாற்பது நாள் செய்து பாருங்கள். மலசலம், தும்மல், பசி, தாகம், நித்திரை முதலிய பதின்மூன்று வேகங்களை அடக்கலாகாது என்று சரகர் ஓர் அத்தியாயத்திற் சொல்லுகிறார். பஸ்ஸிலே எட்டு மணித்தியாலம் கொழும்புக்குப் போகும்போது நாம் அடக்குவதெல்லாம் அவைதாமே!

விரதத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி இருப்பேன் என்று சென்ற ஆண்டு ஒரு மெலிந்த தம்பி என்னிடம் வந்தார். பட்டினி கபத்துக்கு நண்பன்; வாதத்துக்குப் பகைவன். பாலும் பழமும் கொண்டு ஒருபொழுதாக இருக்கும் முறையும் நம் பெரியோர் கைக்கொண்டதே. உடம்பை வருத்தி மூன்றாம் நாள் மயங்கி விழுந்து, கோயில் வீதியில் எல்லோரையும் அலைக்கழிப்பதால் முருகனுக்கு என்ன மகிழ்ச்சி? அந்தத் தம்பி பால் பழத்துடன் ஆறு நாளும் நிறைவேற்றினார்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வடநாட்டு நூல்கள், கோடையில் வாதம் சேரும், மழையில் கிளரும் என்று மாதக் கணக்குச் சொல்லும். அங்கே மழை ஆவணி, புரட்டாசியில். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே மாதத்தின் பெயரைப் பார்க்காமல் காற்றின் குணத்தைப் பார்க்கவேண்டும். வைகாசி தொடக்கம் சோளகம் புழுதியை வாரி வீசும்போது தோலும் தொண்டையும் வறளுகின்றன. வாதம் சேருவது அப்போது. பின்பு வாடைக்காற்றும் மழையும் வந்ததும் மூட்டெல்லாம் பேசத் தொடங்கும். நூல்களுக்குள்ளும் எல்லாம் ஒத்திருப்பதில்லை. சரகர் வழியினர் முதுமையை வாதத்தின் காலம் என்பர். சித்த மருத்துவமோ ஆயுளை மூன்றாக வகுத்து முதற் பங்கை வாதத்துக்குக் கொடுக்கும். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களைப் பெற்ற மண்ணில் இருந்துகொண்டு, ஆயுர்வேதமும் சித்தமும் ஒன்றே என்று சொல்லித் தப்பிவிட முடியாது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் ஒரே பெயரினுள் அடக்கியது நிருவாக வசதிக்காக என்றே கொள்ளவேண்டும்.

இனி, முன்னர் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருகிறேன்.

என் அம்மானுக்கு 2016 ஆம் ஆண்டு அறுபத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, நடந்தால் முழங்கால் சடசடக்கும், கோழி கூவுமுன் எழுந்துவிடுவார். வாத தேகி என்றால் அவரைத்தான் காட்டவேண்டும். ஆனி மாதம், சோளகம் வீசும் ஒரு காலை, ஆறு மணியிருக்கும். கிணற்றடியில் வாளிக்கயிறு அவர் வலக்கையிலிருந்து நழுவிற்று. மாமி பக்கத்து வளவிலிருந்த என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் சற்றே ஒரு புறம் கோணியிருந்தது, பேச்சுக் குழறிற்று, ஆனாலும் நடந்தார். வைத்தியனாகிய என் மனத்தில் உடனே எழுந்த சொல் 'வாதம்'. அந்தச் சொல் எழுந்ததும், முப்பது வருடம் கையாண்ட எண்ணெயும் கஷாயமும் அதன் பின்னாலேயே எழுந்து வந்தன. அயலவரும், "வாதந்தானே, எண்ணெயைப் போடுங்கோ, மாறிவிடும்" என்றார்கள். எண்ணெய் காய்ச்சினேன். கஷாயம் வைத்து ஒரு வாய் பருக்கினேன், அது புரையேறிற்று. பதினொரு மணிக்கு வலக்கால் முற்றாக விழுந்துவிட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தபோது மத்தியானம் கடந்துவிட்டது.

அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. ஆறு மணி என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்தான் விளக்கினார். மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்தால், அதனைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கான் படம் எடுத்தே அறியலாம். கசிவாயின் அந்த மருந்தே நஞ்சு. அந்த நாலரை மணித்தியாலத்தை நான் எண்ணெய் காய்ச்சிக் கழித்துவிட்டேன். அம்மான் என்னை நோகவில்லை. பேச்சு ஓரளவு திரும்பியபின், "மருமோன், நீ தெரிஞ்சதைச் செய்தாய்" என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

ஆகவே இதை மட்டும் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் சொல்லுங்கள். திடீரென ஒருவருக்கு முகம் ஒரு புறம் கோணினால், ஒரு கையோ காலோ வலுவிழந்தால், பேச்சுக் குழறினால், அது வாத தேகமும் அன்று, எண்ணெய்க்கு அடங்கும் வாதமும் அன்று. மணியைக் குறித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்தை அழுத்தி, இலவச அம்புலன்ஸ் வண்டியை அழையுங்கள். வாயில் நீர்கூட விடாதீர்கள். சிறிது நேரத்தில் தானாக மாறினாலும் போகவே வேண்டும். பெரிய அடிக்கு முன் வரும் தூது அதுவாக இருக்கலாம்.

அதேபோல, நன்றாயிருந்தவர் காரணமின்றி மெலிந்தால், "வாத உடம்பு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். தாகமும் சலமும் மிகுந்தால் நீரிழிவு. கை நடுங்கி நெஞ்சு படபடத்து வெயிலைத் தாங்க முடியாவிட்டால் தைரொயிட் சுரப்பி. இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சயரோகம் என இவற்றைச் சோதித்துப் பார்த்தபின்பே எங்களிடம் வாருங்கள். பிரகிருதி மாறாதது. மாறிவிட்ட எதையும் பிரகிருதி என்று சொல்லாதீர்கள்.

சபையின் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கையை உயர்த்துகிறார்... "அப்படியானால் ஐயா, எண்ணெயால் அம்மானுக்குப் பயனே இல்லையா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் கை கால்ப் பயிற்சி பழக்கினார்கள். அதை வீட்டிலும் விடாமற் செய்தோம். அந்தப் பயிற்சியோடு, அவர்களிடம் சொல்லிவிட்டே, இறுகிய தோளுக்கும் காலுக்கும் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினேன். இப்போது பொல்லை ஊன்றிக் கோயில் வரைக்கும் நடக்கிறார். வலக்கை முற்றாக மூடாது. சனிக்கிழமைகளில் திண்ணையில் இருந்துகொண்டு, இடக்கையால் எண்ணெய்ச் சிரட்டையை எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் தேய்த்து விடுவேன்.